அமராவதி, நாகார்ஜுனகொண்டா: முழங்கால் வலியுள்ள அப்பாவோடு போக முடியுமா?

அயனாவரம்_மாலா:
வணக்கம். அப்பாவுக்கு 76 வயது, வரலாறு வாத்தியாராக இருந்தவர். சின்ன வயதில் லீவு விட்டால் மற்ற பிள்ளைகளுக்கு மெரினா, எங்களுக்கு எழும்பூர் மியூசியம். நான் திமிங்கல எலும்புக்கூட்டைப் பார்க்க இழுப்பேன், அவர் ஆந்திராவின் அமராவதி பௌத்த ஸ்தூபியிலிருந்து வந்த சிற்பக் கற்கள் முன்னால் ஆணியடித்த மாதிரி நின்றுவிடுவார். இப்போது ஒரே பிடிவாதம்: "இந்தக் கல்லெல்லாம் இருந்த இடத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்."

டிசம்பர் கடைசியில் மூன்று நாள் கிடைக்கும். ஆந்திராவில் இருக்கும் அமராவதி, உண்டவல்லி குகை, குண்டுபல்லி, நாகார்ஜுனகொண்டா நான்கையும் எழுதி வைத்திருக்கிறார். இரண்டு முழங்காலிலும் தேய்மானம். சமதரையில் அரை மணி நேரம் நடப்பார், இருபது படிக்கு மேல் ஏறினால் மறுநாள் படுக்கைதான். ரயிலா, காரா? எதை விடலாம்? அவருக்குக் கொஞ்சம் தெலுங்கு வரும், எனக்கு சினிமாத் தெலுங்கு மட்டும்.

ஊர்சுற்றி_தாம்பரம்:
இவ்வளவு சிரமத்துக்கு அஜந்தாவே போய்விடலாமே? அங்கே வயதானவர்களைத் தூக்கிப் போக டோலி உண்டு. திங்கள்கிழமை அஜந்தா மூடியிருக்கும், செவ்வாய் எல்லோரா. அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கொளத்தூர்_கிருஷ்ணா:
அஜந்தா நல்ல இடம்தான், ஆனால் அவர் கேட்டது அது இல்லையே!

மாலா மேடம், நான் இந்தப் பக்கம் மூன்று தடவை போயிருக்கிறேன். முதல் தடவை நொந்துதான் திரும்பினேன். மாமல்லபுரம் மாதிரி ஏதோ நிற்கும் என்று நினைத்து அமராவதியில் இறங்கினால், ஸ்தூபி இருந்த இடத்தில், புல்தரைக்கு நடுவில் வட்டமாக ஒரு செங்கல் மேடு, சுற்றிலும் சில கற்பலகைகள். பத்து நிமிடத்தில் பார்த்து முடித்து டீக்கடையில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்புறம்தான் கதையைப் படித்தேன். 1798ல் காலின் மெக்கன்சி என்ற பிரிட்டிஷ் நில அளவை அதிகாரி அங்கே போனபோதே, வாசிரெட்டி வேங்கடாத்ரி நாயுடு என்ற ஜமீன்தாரின் ஆட்கள் புது ஊர் கட்ட அந்த மேட்டைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். 1816ல் மெக்கன்சி அளந்து படம் வரையத் திரும்பி வந்தபோது நடுவில் பெரிய பள்ளம். 1845ல் வால்டர் எலியட் என்ற மதராஸ் அதிகாரி தோண்டி எடுத்த கற்கள் மதராசுக்கு வந்தன. அதில் பெரும்பகுதி பிறகு கப்பலேறி லண்டன் போய்விட்டது. 'எலியட் மார்பிள்ஸ்' என்று பெயர் வைத்தார்கள், ஆனால் அது பளிங்கே இல்லை, பல்நாட்டுச் சுண்ணாம்புக் கல்.

அதனால் முதலில் அப்பாவை எழும்பூருக்கே இன்னொரு தடவை கூட்டிப் போங்கள். மதம் பிடித்த நளகிரி யானை புத்தர் காலடியில் அடங்கும் வட்டக் கல்லையும், ஸ்தூபியின் உருவத்தையே செதுக்கிய பலகையையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அமராவதி மேட்டில் நின்று அந்தப் படத்தைக் காட்டுங்கள். மூன்றாம் தடவை நான் அப்படித்தான் பார்த்தேன், இரண்டு மணி நேரம் நகரவில்லை. நடக்க வேண்டியதெல்லாம் சமதரைதான்.

இன்னொரு விஷயம், வாத்தியாருக்குப் பிடிக்கும். அமராவதியில் கிடைத்த ஒரு பிராகிருதக் கல்வெட்டில் 'தமிள கண்ஹ' என்று ஒருவன் வருகிறான். நம்ம ஊர்க் கண்ணன்! அவனும் உடன்பிறந்த சுல கண்ஹனும் நாகாவும் சேர்ந்து ஸ்தூபிக்குக் கல் தானம் செய்திருக்கிறார்கள். சுல என்றால் சின்ன. பெரிய கண்ணன், சின்னக் கண்ணன் என்று வீட்டில் கூப்பிட்டிருப்பார்கள் போல.

வழிக்கு வருகிறேன். காலை சென்ட்ரலில் ஜன் சதாப்தி பிடித்தால் மதியம் விஜயவாடா. மாதவரத்திலிருந்து பஸ்ஸும் உண்டு, அவருடைய முழங்காலுக்கு வேண்டாம். சாயங்காலம் ஆட்டோவில் பிரகாசம் அணை தாண்டி உண்டவல்லி. நான்கு அடுக்குக் குடைவரை, மூன்றாவது அடுக்கில் ஒரே கல்லில் பள்ளிகொண்ட பெருமாள். மேலே போகும் படி செங்குத்து. அப்பா கீழ்த்தளத்தோடு நின்றுகொள்ளட்டும், முகப்பே அவருக்குப் போதும்.

நாகார்ஜுனகொண்டாவுக்குத் தனியாக ஒரு நாள் வேண்டும். அணைக்கட்டு வந்தால் இக்ஷ்வாகு அரசர்களின் பழைய தலைநகரான விஜயபுரி மூழ்கிவிடும் என்று 1954 முதல் 1960 வரை அவசரமாகத் தோண்டினார்கள். சில கட்டடங்களைக் கல் கல்லாகப் பெயர்த்து மலை உச்சியிலும் அனுப்பு என்ற கரையோர இடத்திலும் மறுபடி கட்டினார்கள். அந்த உச்சிதான் இன்று தீவு. லாஞ்சில் போக வேண்டும், ஆள் சேராவிட்டால் கிளம்பாது. ஒரு தடவை கரையில் மூன்று மணி நேரம் வேர்க்கடலை தின்றே பொழுது போனது. அனுப்புக்குப் படகே வேண்டாம், கார் போகும். படிக்கட்டு வைத்த அரங்கமும் விகாரையின் (பௌத்தத் துறவிகள் தங்கிய மடம்) அடித்தளமும் அங்கே இருக்கின்றன.

வெள்ளிக்கிழமையை மட்டும் தவிருங்கள். எழும்பூர், அமராவதி, நாகார்ஜுனகொண்டா மூன்று மியூசியத்துக்கும் அன்று விடுமுறை. எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

ஏலூரு_மருமகள்:
குண்டுபல்லியை விட்டுவிடுங்கள் அக்கா. மாமியார் வீடு அந்தப் பக்கம்தான். மலைப்படி ஏறாமல் எதுவும் தெரியாது. உள்ளே வட்டமான சைத்தியக் குகை, அதாவது பௌத்தர்கள் கும்பிட்ட குகை, கூரையில் மர விட்டம் மாதிரியே பாறையில் செதுக்கியிருப்பார்கள். நடுவில் இருக்கும் ஸ்தூபியை ஊர்க்காரர்கள் தர்மலிங்கேஸ்வரர் என்று கும்பிடுகிறார்கள். நீங்கள் மட்டும் வேறொரு நாள் வாருங்கள். அப்புறம், குண்டூர் சாப்பாட்டில் கோங்குரா, பருப்புப்பொடி நெய் எல்லாம் சரி, ஊறுகாயை அப்பாவுக்கு எட்டாமல் வையுங்கள்.

அயனாவரம்_மாலா:
எல்லோருக்கும் நன்றி. கிருஷ்ணா சார் எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். மெக்கன்சி வரைக்கும் "தெரியும், தெரியும்" என்றார். தமிளக் கண்ணன் வந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு "இன்னொரு தடவை படி" என்றார். குண்டுபல்லியை அவரே பேனாவால் அடித்துவிட்டார். தீவை அடிக்க மாட்டேன் என்கிறார். லாஞ்சில் ஏறி இறங்கப் படி எத்தனை?

கொளத்தூர்_கிருஷ்ணா:
படகில் ஏறுவதற்குக் கை கொடுக்க ஆள் இருப்பார்கள், அது பிரச்சினை இல்லை. தீவில் இறங்கியபின் மேட்டுப்பாதை. அவர் அடம் பிடித்தால் இன்னொரு நாள் சேர்த்துக்கொண்டு, மடக்கு நாற்காலி ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள்.