மறு: சமய ஆய்வில் சொல்லோடு வரும் படம் – ‘உடன்படம்’ எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

சமய ஆய்வுக் கட்டுரையில் சொல்லோடு சேர்ந்து வரும் படத்துக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று இங்கே பேசிவருகிறோம். ‘காட்சியுரை’ என்று ஒரு நண்பர் முன்மொழிந்தார். ‘விளக்கப்படம்’ போதுமே என்று நேற்று வேறொருவர் எழுதியிருந்தார். எனக்கு ‘விளக்கப்படம்’ ஒப்பவில்லை. விளக்கப்படம் என்றதும் பாடப்புத்தகத்துப் பூவின் குறுக்குவெட்டுதான் கண்முன் வருகிறது. சொல்ல வேண்டியதை எழுத்து சொல்லி முடித்துவிட்டது, படம் அதையே திரும்பக் காட்டுகிறது என்ற பொருள் அந்தச் சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

இந்த எண்ணம் பழையது. தேவாலயப் படங்களை உடைத்த மார்சேய் நகர ஆயரை (பிஷப்) கண்டித்து, 600-ஆம் ஆண்டில் போப் கிரகோரி ஒரு கடிதம் எழுதினார். படிக்கத் தெரிந்தவருக்கு மறைநூல் தருவதைத் தெரியாதவருக்குப் படம் தருகிறது என்பது அவர் வாதம். படத்துக்குப் பரிந்துதான் பேசினார். ஆனாலும் எழுத்தறியாதவர்களுக்கான மாற்று என்ற இடம்தான் படத்துக்குக் கிடைத்தது.

இதற்கு மாறான ஓர் எடுத்துக்காட்டாக, சிரியாவிலுள்ள பழைய நகரமான தூரா யூரோப்போசில் 1932-இல் தோண்டியெடுத்த யூதத் தொழுகைக்கூடத்தைப் பாருங்கள். ஏறத்தாழ கி.பி. 256-இல் பாரசீகத்தை ஆண்ட சாசானியரின் முற்றுகையின்போது, மதிலை வலுப்படுத்தக் கொட்டிய மண்ணுக்குள் புதைந்ததால் தப்பிய சுவர்கள். சுவர் நெடுக விவிலியக் காட்சிகள். உருவம் செய்யாதே என்ற விவிலியக் கட்டளையை வைத்து, யூதர்களிடம் உருவ ஓவியமே இருந்திருக்காது என்று அதுவரை பலர் நம்பியிருந்தார்கள்.

அதில், இஸ்ரயேலர் எகிப்திலிருந்து தப்பிச் செங்கடலைக் கடக்கும் காட்சி. அவர்களை வழிநடத்தும் மோசே மற்றவர்களைவிடப் பெரிய உருவமாகக் கோலோடு நிற்கிறார். மேலே வானத்திலிருந்து கை மட்டும் நீள்கிறது. கடவுளுக்கு முகம் இல்லை, உடல் இல்லை. கட்டளையை மட்டும் படித்தால் ‘வரையக் கூடாது’ என்று முடித்துவிடுவோம். சுவரை மட்டும் பார்த்தால் ‘வரைந்துவிட்டார்களே’ என்போம். இரண்டையும் அருகருகே வைக்கும்போதுதான், ஓவியர் ஏன் கையோடு நிறுத்திக்கொண்டார் என்ற கேள்வியே பிறக்கிறது.

இப்படிச் சொல்லுக்குச் சமமாக நின்று வாதத்தை நகர்த்தும் படத்துக்குத்தான் ‘உடன்படம்’ என்கிறேன். உடன்பிறப்பில் வரும் அதே ‘உடன்’. ‘உடன்படு’ என்ற வினை காதில் ஒலித்து, படம் எழுத்தோடு ஒத்துப்போவதாகத் தோன்றாதா என்று கேட்கலாம். நியாயமான தடைதான். ஆனால் உடன்பிறந்தவர்கள் சண்டை போடாமலா இருக்கிறார்கள்? பன்மையும் வேற்றுமையும் ஏற்கச் சிக்கலில்லை: உடன்படங்கள், உடன்படத்தில், உடன்பட ஆய்வு.

‘படிமம்’ வேண்டாம். கவிதைத் திறனாய்வும் சிற்பக்கலையும் அதை ஏற்கெனவே பங்கு போட்டுக்கொண்டுவிட்டன. ‘சொற்சித்திரம்’ வேறு பொருளில் ஊறிப்போன சொல். ‘இணைப்படம்’ நல்ல சொல்தான். மின்னஞ்சல் இணைப்பு நினைவுக்கு வருகிறது, அதுதான் இடர். நிலப்படம், தரைப்படம், அட்டவணை இவற்றுக்கெல்லாம் விளக்கப்படமே இருக்கட்டும்.

அப்புறம், ‘காட்சியுரை’யை முன்மொழிந்த நண்பர் அந்தச் சொல்லை வைத்து இதே செங்கடல் காட்சியைப் பற்றி ஒரு பத்தி எழுதி அனுப்ப முடியுமா? இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்துப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.