ரப்பர் தோட்டத்தில் இல்லாத நோய் தாமான் வீட்டுக்கு எப்படி வந்தது?

கேட்டவர்: சிப்புட் அக்கா

வணக்கம். மலேசியா, சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். என் தம்பிக்கு வயது 26. ஈப்போவில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். போன தீபாவளிக்கு முன்பே அவனுக்கு வயிறு கெட்டுவிட்டது. ஒரு நாளைக்கு எட்டு, பத்துத் தடவை போனான், ரத்தமும் சளியுமாக. வெட்கப்பட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லவில்லை. துணி துவைக்கும்போது நானாகத்தான் கண்டுபிடித்தேன். கடைத்தெருவில் ஒரு கிளினிக்கில் மூலம் என்று சொல்லி நான்கு மாதம் மருந்து கொடுத்தார்கள். பதினோரு கிலோ இளைத்த பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். கொலோனோஸ்கோப்பி, அதாவது குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் என்றார்கள். பெருங்குடலின் உட்சுவர் முழுக்கப் புண்ணாகி வீங்கிக் கிடக்கிறதாம். இப்போது மெசாலசின் மாத்திரை சாப்பிடுகிறான், கொஞ்சம் தேறிவிட்டான்.

என் கேள்வி மருந்தைப் பற்றியது அல்ல. எங்கள் பாட்டிக்கு 84 வயது. முப்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். “எங்கள் தோட்டத்தில் இருநூறு வீடு இருந்தது. ஒருவனுக்கும் இப்படி ஒரு வியாதி வந்ததில்லை. உன் அம்மா கண்டதை வாங்கிக் கொடுத்து வளர்த்தாள், அதுதான்” என்று காலையில் ஆரம்பித்தால் இரவு வரை அதே பாட்டு. அம்மா பயந்துபோய் மிளகாயையே நிறுத்திவிட்டார். மூன்று மாதமாக வீடு முழுக்கக் கஞ்சி. அப்பா மட்டும் வெளியே போய் ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வருகிறார்.

மருத்துவர் போகிற போக்கில், “நம் நாட்டில் இந்தியர்களுக்கு இது கொஞ்சம் அதிகம்” என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டார். அது உண்மையா? உண்மை என்றால் பாட்டி காலத்தில் ஏன் இல்லை? நோய் புதிதா, அல்லது கண்டுபிடிப்பதுதான் புதிதா?

---

பதில்: பழைய டிரஸ்ஸர்

மகளே, நான் 1971 முதல் 1999 வரை மூன்று தோட்டங்களில் டிரஸ்ஸராக, அதாவது மருந்து கொடுப்பவனாக, இருந்தவன். பாட்டி சொல்வது பாதி சரி. மீதிப் பாதி தவறாகப் போனதற்கு என்னைப் போன்றவர்கள்தான் காரணம்.

காலையில் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு, முடிந்ததும் என் மருந்தறை வாசலில் வரிசை நிற்கும். வயிறு என்று வந்தால் என் நோட்டில் எழுத நான்கு சொற்கள்தான் இருந்தன: பேதி, ரத்தபேதி, பூச்சி, மூலம். ஐந்தாவது சொல் எனக்குத் தெரியாது. ரத்தபேதிக்கு ஃபிளாஜில் என்ற அமீபா மருந்து கொடுப்பேன். நின்றால் அமீபா என்று எழுதிக்கொள்வேன். நிற்காவிட்டால் மறுபடியும் ஃபிளாஜில். குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கிற வசதிக்கும் எனக்கும் எழுபது மைல் தூரம்.

ஒட்டுப்பால், அதாவது மரத்தில் காய்ந்து ஒட்டிய பால், பொறுக்குகிற ஒரு பெண் இருந்தாள். முப்பது வயது இருக்கும். மூன்று மாதம் ரத்தமாகப் போகும், ஐந்து மாதம் ஒன்றும் இருக்காது, திரும்பவும் ஆரம்பிக்கும். ஆறு வருடம் இப்படி. இரண்டு தடவை லாரியில் ஏற்றிப் பட்டணத்துக்கு அனுப்பினேன். இரும்புச் சத்து மாத்திரையோடு திரும்பி வந்தாள். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், கடைசி வீட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டாள், கழிப்பறைக்கு அதுதான் பக்கம். பிறகு எங்கோ போய்விட்டாள். அவளுக்கு என்ன இருந்தது என்று இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது. ஆனால் பாட்டியின் “ஒருவனுக்கும் வந்ததில்லை” என்ற கணக்கில் அவளைப் போன்றவர்களும் நல்ல உடம்புக்காரர்களாகச் சேர்ந்துவிட்டார்கள்.

அதற்காக, எப்போதும் இருந்த நோய்தான், இப்போதுதான் கண்ணில் படுகிறது என்று முடித்துவிடாதே. கிந்தா பள்ளத்தாக்கில், அதாவது ஈப்போவையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் வைத்து, ஓர் ஆய்வு செய்து 2015-இல் வெளியிட்டார்கள். தம்பியின் நோயையும் அதன் பங்காளியான குரோன்ஸ் என்ற குடல் நோயையும் சேர்த்து எடுத்த கணக்கு அது. ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் புதிதாக நோய் கண்டவர்கள் முதலில் 0.07 பேர். இருபது ஆண்டுகளில் அது 0.69 ஆனது. பத்து மடங்கு! கொலோனோஸ்கோப்பி பெருகியதும் ஒரு காரணம்தான். ஆனால் நாளைக்குப் பத்துத் தடவை ரத்தமாகப் போகிறவன் எவ்வளவு காலம் ஆஸ்பத்திரி கண்ணில் படாமல் இருப்பான்? பத்து மடங்கையும் குழாயின் தலையில் கட்ட எனக்கு மனம் வரவில்லை.

உன் மருத்துவர் சொன்னதும் அதே ஆய்வில் இருக்கிறது. 2011 முதல் 2013 வரை எடுத்த கணக்கில், ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்குப் புதிய நோயாளிகள் இந்தியர்களில் 1.91, சீனர்களில் 0.63, மலாய்க்காரர்களில் 0.35. மூன்று இனத்தாரும் அதே வட்டாரத்தில் வாழ்கிறவர்கள். அரசு ஆஸ்பத்திரியில் அதே வரிசையில் நிற்கிறவர்கள். ஆகையால் இந்த வித்தியாசத்துக்குக் குழாயைக் காரணம் காட்ட முடியாது. உன் ஊர் கோலகங்சார் மாவட்டம், கிந்தாவுக்கு வெளியே. தம்பி அந்தக் கணக்கில் வரமாட்டான். ஆனால் முப்பது கிலோமீட்டரில் ரத்தம் மாறிவிடுமா என்ன?

இன்னொன்றையும் புரிந்துகொள். பெரட்டில் இன்றைக்குப் புதிதாகப் பேர் பதிந்தவர்கள் வேறு, செக்ரோல் பதிவேட்டில் இருக்கிற மொத்த ஆட்கள் வேறு. இந்த நோயில் இருபது, முப்பது வயதில் பேர் பதிகிறான். முழுக்கக் குணமாகி வெளியேறுவதில்லை, பெரும்பாலும் அதனால் சாவதும் இல்லை. ஆகவே வருடத்துக்கு ஓரிருவர் சேர்ந்தாலும் மொத்தம் ஏறிக்கொண்டே போகும். அந்த மொத்தம் கிந்தா இந்தியர்களில் லட்சத்துக்கு 24.91. சுமார் நாலாயிரம் பேருக்கு ஒருவர். பாட்டியின் இருநூறு வீட்டில் ஆயிரம் பேர் என்று வைத்துக்கொண்டால், இன்றைய கணக்குப்படியே பார்த்தாலும் அங்கே ஒருவரும் இல்லாமல் போயிருக்கலாம்.

ஏன் கூடியது? என் சொந்தக் கருத்து, வேண்டுமானால் தள்ளிவிடு. அந்தக் காலத்தில் வெறுங்காலோடு கித்தா (ரப்பர்) காட்டில் நடந்தவர்கள் எல்லாருக்கும் கொக்கிப்புழு. அத்தனை பூச்சியோடு மல்லுக்கட்டிய குடல் இப்போது வேலையில்லாமல் தன்னையே கடிக்கிறது. பூச்சி மருந்து கொடுத்துத் துரத்தியதில் நானும் ஒருவன்.

---

பதில்: நாட்டு மருந்து நண்பன்

வெறும் வயிற்றில் கற்றாழைச் சோறு 48 நாள். ஆங்கில மருந்தை உடனே நிறுத்துங்கள். கோதுமை, பால், புளி, மிளகாய் கூடாது. எல்லாம் பாக்கெட் மீ நூடுல்ஸால் வந்தது.

---

பதில்: குரோன்ஸ்காரி, ஈப்போ

அக்கா, மேலே உள்ள பதிலைத் தயவுசெய்து தம்பியிடம் காட்டாதீர்கள். நன்றாகிவிட்டது என்று நினைத்து மெசாலசினை நிறுத்துகிறவர்களுக்கு நோய் திரும்ப வருவது அதிகம். நானே ஒரு தடவை அந்த முட்டாள்தனத்தைச் செய்து இரண்டு வாரம் வார்டில் படுத்திருக்கிறேன். எனக்கு இருப்பது குரோன்ஸ், உங்கள் தம்பியின் நோய்க்குப் பங்காளி. எனக்கு முதலில் குடல் காசநோய் என்று நினைத்து மாதக்கணக்கில் அதற்கு மருந்து கொடுத்தார்கள். யாரையும் குறை சொல்லமாட்டேன். இரண்டும் குழாயில் பார்த்தாலும் சதையை எடுத்துப் பார்த்தாலும் பல நேரம் ஒன்றுபோலவே இருக்கும். காசநோய் உள்ள நாட்டில் முதலில் அதைத்தான் சந்தேகிப்பார்கள். ஆக, நம் ஊர்ப் பழைய கணக்கில் குரோன்ஸ் காசநோய்க்குள்ளேயும் ஒளிந்திருக்கலாம். டிரஸ்ஸர் ஐயாவின் நான்கு சொற்களோடு இதையும் சேர்க்க வேண்டும்.

ஐயாவின் பூச்சிக் கொள்கை எனக்கும் ஒரு காலத்தில் பிடித்திருந்தது. அமெரிக்காவில் பன்றியின் சாட்டைப்புழு முட்டையைக் குடிக்கக் கொடுத்தே பார்த்தார்கள். சிறிய சோதனைகளில் நம்பிக்கை வந்தது. குரோன்ஸ் நோயாளிகளிடம் பெரிய அளவில் செய்தபோது போலி மருந்துக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை என்று ஆகிவிட்டது.

இன்னும் ஓர் இடைஞ்சல். இரைப்பையில் ஹெலிகோபாக்டர் கிருமி இருக்கிறவர்களிடம் இந்நோய் குறைவாகக் காணப்படுகிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. மலேசியாவில் அந்தக் கிருமி மலாய்க்காரர்களிடம் மிகக் குறைவு, நம்மிடம் அதிகம். கிருமிதான் காவல் என்றால் நமக்கல்லவா குறைவாக வர வேண்டும்? வந்திருப்பது நேர்மாறாக.

ஆசிய பசிபிக் நாடுகளில் நோயாளிகளையும் நலமாக இருப்பவர்களையும் ஒப்பிட்டு 2015-இல் வெளிவந்த ஆய்வு இதைவிட வேடிக்கை. சிறுவயதில் வீட்டில் ஃப்ளஷ் கழிப்பறையும் சுடுநீர்க் குழாயும் இருந்த ஆசியர்களுக்கு அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் குறைவாக வந்திருக்கிறது. சுத்தம் கூடியதால்தான் நோய் என்ற கதைக்கு இது ஒத்துவரவில்லை. ஓராண்டுக்கு மேல் தாய்ப்பால் குடித்தவர்களுக்கும் குறைவு. தினமும் தேநீர் குடிப்பவர்களுக்கும் குறைவு. பாட்டியிடம் இந்தக் கடைசிச் செய்தியைச் சொல்லுங்கள், மகிழ்ச்சி அடைவார். சின்ன வயதில் ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர்களுக்கும் ஆசியாவில் குறைவாம், மேற்கு நாடுகளில் அதே விஷயம் தலைகீழ். ஆகவே ஒரே காரணத்தைப் பிடித்துக்கொண்டு அம்மாவை அடிக்க வேண்டாம்.

நமக்கு ஏன் அதிகம் என்பதற்கு மரபு கொஞ்சம் பதில் சொல்லும். இங்கிலாந்தில் லெஸ்டர் நகரில் 1980-களில் கணக்கெடுத்தபோது, அங்கே குடியேறிய தெற்காசியர்களுக்கு அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் வெள்ளையர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. பஞ்சாபில் லூதியானா பக்கம் எடுத்த கணக்கு 2003-இல் வந்தது: லட்சத்துக்கு 44.3 பேர். ஆனால் அந்த மரபு பாட்டிக்கும் இருந்தது, ஒட்டுப்பால் பொறுக்கிய அந்தப் பெண்ணுக்கும் இருந்தது. இருபது வருடத்தில் பத்து மடங்கு கூடியதற்கு நாம் சாப்பிடுவது, குடியிருப்பது, பிள்ளை வளர்ப்பது என்று மாறிப்போன எதையோதான் பார்க்க வேண்டும். அது எது என்று ஒரு விரலை நீட்டிச் சொல்ல இன்னும் யாருக்கும் வரவில்லை.

பயமாக இருந்தால் இதையும் பாருங்கள். 2011-12-இல் எட்டு ஆசிய நாடுகளில் சேர்த்துப் பார்த்தபோது இரண்டு நோயும் சேர்த்து ஆண்டுக்கு லட்சத்துக்குச் சுமார் 1.4 புதிய நோயாளிகள், அதே ஆய்வில் ஆஸ்திரேலியாவில் 23.7.

மிளகாய் இந்நோயை உண்டாக்குவதில்லை. நோய் முற்றியிருக்கும்போது எரியும், அவ்வளவுதான். எட்டு வருடம் ஆனதும் தம்பியைக் கட்டாயம் மறுபடி கொலோனோஸ்கோப்பிக்கு அனுப்புங்கள், குடல் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்க. அவர் மறந்துவிடுவார், நீங்கள் எழுதி வையுங்கள்.

---

பதில்: பழைய டிரஸ்ஸர்

ஃப்ளஷ் கழிப்பறைச் செய்தி எனக்குப் புதிது. அந்த ஆய்வில் வேலை செய்தவர்கள் ஒரு நாளாவது தோட்டத்து வாளிக் கக்கூஸைப் பார்த்திருப்பார்களா என்று கேட்க நாக்கு துடிக்கிறது, இருந்தாலும் கணக்கு கணக்குதான். பூச்சியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். 28 வருடம் மருந்து கொடுத்த குற்ற உணர்ச்சி ஒன்று இருந்தது, அதுவும் போயிற்று.

கற்றாழைத் தம்பி, 48 நாள் என்பது எல்லா நோய்க்கும் ஒரே அளவாக எப்படி அமைகிறது?

---

பதில்: சிப்புட் அக்கா

எல்லாருக்கும் நன்றி. ஐயாவின் பதிலைப் பாட்டிக்கு வாசித்துக் காட்டினேன். ஒட்டுப்பால் பொறுக்கிய பெண்ணிடம் வந்ததும் நிறுத்தச் சொன்னார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “எங்கள் லயத்திலும் ஒருத்தர் இருந்தார். பேதிக்காரர் என்றுதான் கூப்பிடுவோம், பேர் மறந்துவிட்டது” என்றார். அது அமீபாவோ என்னவோ. ஆனால் அன்றிலிருந்து “ஒருவனுக்கும் வந்ததில்லை” என்ற பேச்சு நின்றிருக்கிறது. தேநீர்ச் செய்தியைக் கேட்டு, தம்பிக்குத் தானே பால் இல்லாத தே ஓ கலக்கிக் கொடுக்கிறார், சர்க்கரை அள்ளிப் போட்டு.

ஈப்போ அக்கா எழுதியதில் தாய்ப்பால் பற்றிய வரியை மட்டும் நான் வாசிக்கவில்லை. தம்பி பிறந்து இரண்டு மாதத்தில் அம்மா கையுறைத் தொழிற்சாலையில் இரவு ஷிப்டுக்குத் திரும்பிவிட்டார். அவனை வளர்த்தது டின் பாலும் நானும்தான். அந்த வரி பாட்டியின் காதில் விழுந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

நேற்று மூன்று மாதத்துக்குப் பிறகு அம்மா ரசம் வைத்தார், இரண்டு மிளகாய் கிள்ளிப் போட்டு. தம்பி இரண்டு கரண்டி ஊற்றிச் சாப்பிட்டான். நாங்கள் மூன்று பெண்களும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். “நான் என்ன பரீட்சையா எழுதுகிறேன்?” என்று எரிச்சலோடு தட்டை எடுத்துக்கொண்டு டிவி முன்னால் போய் உட்கார்ந்துவிட்டான். இன்று காலை இரண்டு தடவைதான் போனான்.