குளோமஸ் டிம்பானிகம்: கேடிபி லேசரா, பைபோலாரா?

செவி_பிஜி:
வணக்கம். நோயாளிக்கு நடுத்தர வயது. காதில் நாடித்துடிப்போடு சேர்ந்து கேட்கும் இரைச்சல், கூடவே கடத்தல்வகைக் கேள்திறன் இழப்பு. செவிப்பறைக்குப் பின்னால் சிவப்புத் திரள். காதுக்குள் காற்றழுத்தம் தரும் சீகிள் ஸ்பெகுலத்தால் அழுத்தினால் வெளிறுகிறது. குளோமஸ் டிம்பானிகம், அதாவது நடுச்செவிக்குள் வளரும் ரத்தநாளம் மிகுந்த கட்டி என்று நினைக்கிறேன். பச்சை ஒளியுள்ள கேடிபி லேசரில் எடுக்கலாமா, மின்சாரத்தால் நாளத்தைச் சுட்டு அடைக்கும் பைபோலாரே போதுமா? லேசர் என்றால் அளவுகளும் வரிசையும் சொல்லுங்கள்.

எலும்புப்படம்:
திரளின் கீழ் விளிம்பு செவிப்பறை வழியாகத் தெரிகிறதா? இதற்கு விடை கிடைக்காமல் லேசரைப் பற்றிப் பேசவே கூடாது. விளிம்பு தெரியாவிட்டால் அது கழுத்துப் பெருஞ்சிரையின் மேல்முனைப் புடைப்பான ஜுகுலர் பல்பில் தொடங்கும் குளோமஸ் ஜுகுலாரே கட்டியின் நுனியாகவும் இருக்கலாம்.

பொட்டெலும்புக்கு மெல்லிய வெட்டு சி.டி. எடுங்கள். நடுச்செவித் தளத்துக்கும் ஜுகுலர் பல்புக்கும் நடுவே உள்ள எலும்புத் தகடு முழுசாக இருந்தால் டிம்பானிகம். அரித்திருந்தால் காதுக்குழாய் வழி லேசர் அதற்கான சிகிச்சையே இல்லை, எம்.ஆர்.ஐ.யும் ரத்தநாளப் படமும் பார்த்து வேறு திட்டம் போட வேண்டும். இடம் மாறி ஓடும் கரோட்டிட் தமனியும் அதே இடத்தில் சிவப்பாகத்தான் தெரியும். ஆகவே வெளிநோயாளர் பிரிவில் பயாப்ஸி எடுப்பது உயிருக்கே ஆபத்து.

ரத்த அழுத்தம், படபடப்பு, வியர்வை இருந்தால், கட்டி அட்ரினலின் வகை ஹார்மோன் சுரக்கிறதா என்று அறிய பிளாஸ்மா மெட்டாநெஃப்ரின் பாருங்கள். குடும்பத்தில் வேறு யாருக்காவது பாராகாங்லியோமா (குளோமஸ் கட்டிகளின் பொதுப்பெயர்) இருந்தால், அது பரம்பரையாக வரக் காரணமாகும் எஸ்டிஹெச் மரபணுக்களுக்கான சோதனையும் தேவை.

நடுச்செவி:
மேலே சொன்னபடி நடுச்செவி உட்சுவரின் முன்மேட்டோடு நிற்கும் கட்டி என்றால் கேடிபி நல்ல தேர்வு. 532 நானோமீட்டர் ஒளியை ஹீமோகுளோபின் நன்றாக உறிஞ்சும். நீர் அநேகமாக உறிஞ்சாது. 1064 நானோமீட்டர் என்டி-யாக் ஆழமாக ஊடுருவும். கட்டிக்கு அடியில் ஒலியை உணரும் உள்செவிப் பகுதியான காக்ளியா இருப்பதால் அதை இங்கே தவிர்ப்பேன்.

செவிப்பறை மடலைத் தூக்கி, கட்டியின் நான்கு பக்கமும் கண்ணுக்குத் தெரிந்த பிறகே ஃபைபரை உள்ளே விடுங்கள். 1 வாட்டில் ஆரம்பித்து, 0.1 முதல் 0.2 நொடித் துடிப்புகளாக, நுனி கட்டியைத் தொடாமல் சற்றுத் தள்ளிப் பிடிக்க வேண்டும். தள்ளிப் பிடித்தால் ஒளி விரிந்து திசு வெளிறிச் சுருங்கும். ஒட்டிப் பிடித்தால் திசு ஆவியாகி, நாளம் உறையும் முன்பே கிழிந்து ரத்தம் பீறிடும். ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சுருக்குங்கள்.

பலரும் இடறுவது இங்கேதான்: மேற்பரப்பில் ரத்தம் நின்றால் அதுவே ஒளி முழுவதையும் உறிஞ்சிக் கருகும், கீழே ஒன்றும் நடக்காது. முதலில் சக்‌ஷன், அதன்பின் லேசர். கருகல் படிந்த ஃபைபர் நுனி சூட்டுக்கோல் மாதிரி ஆகிவிடும். துடையுங்கள், போகாவிட்டால் நுனியை வெட்டிப் புதுப்பியுங்கள். சில துடிப்புகளுக்கு ஒருமுறை உப்புநீர் விட்டுக் குளிர வையுங்கள்.

சுருங்கியதும் கீழ்ப்புறத்தில் கட்டிக்கு ரத்தம் தரும் கீழ் டிம்பானிக் தமனி தெரியும். அது லேசருக்கு அடங்காத பருமனில் இருந்தால் பைபோலார் வையுங்கள். எலும்புத் துளைக்குள் இழுத்துக்கொண்டால் டைமண்ட் பர் (எலும்பைத் தேய்க்கும் வைரத்தூள் முனை) அல்லது எலும்பு மெழுகு. ஆக, இரண்டும் மேசையில் இருக்கட்டும். எது மேல் என்ற சண்டை வீண். முகநரம்பின் எலும்பு உறை சிலருக்கு இயல்பாகவே திறந்திருக்கும். உள்செவிக்கான திறப்பான நீள்வட்டச் சாளரத்தின் அருகே லேசரை நிறுத்திவிட்டு நுண்கருவியால் பிரித்தெடுங்கள். நரம்பு மானிட்டர் கட்டாயம்.

தியேட்டர்_சிஸ்டர்:
பாதுகாப்புக் கண்ணாடியில் 532 என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். கார்பன் டை ஆக்ஸைடு லேசருக்கான தெளிவான கண்ணாடி இதற்கு உதவாது. மைக்ரோஸ்கோப்பில் வடிகட்டி, நோயாளியின் கண்மேல் ஈரப் பஞ்சு, காதைச் சுற்றி ஈரத்துணி. ஸ்பிரிட் முழுசாகக் காய்ந்த பிறகே லேசரை இயக்குங்கள். சுடாத நேரமெல்லாம் ஸ்டாண்ட்பை.

செவி_பிஜி:
நன்றி. சி.டி.யில் தகடு முழுசாக இருக்கிறது, ஆனால் கட்டி நடுச்செவித் தளத்துப் பள்ளத்துக்குள் இறங்கியிருக்கிறது. காதுக்குழாய் வழி போதுமா?

நடுச்செவி:
எண்டோஸ்கோப்பில் கீழ் விளிம்பு தெரிந்தால் போதும். தெரியாவிட்டால் குழாயின் கீழ்ச்சுவரைக் குடைந்து தாழ்த்துங்கள். அல்லது காதின் பின்புறம் திறந்து முகநரம்புப் பள்ளத்தை நீட்டிக்க வேண்டும். விளிம்பைப் பார்க்காமல் லேசரைக் குருட்டாம்போக்கில் பள்ளத்துக்குள் விடாதீர்கள், கீழே ஜுகுலர் பல்பு இருக்கிறது.