பல்லாவரம் பாட்டி குடும்பம்

செல்வி சித்தி: (பலமுறை பகிரப்பட்டது) அவசரம்! இன்றிரவு 11 மணிக்குச் சுமத்ராவில் பெரும் நிலநடுக்கம். சிங்கப்பூரில் உயர்மாடிகளில் யாரும் தூங்க வேண்டாம்!!

செல்வி சித்தி: அண்ணி, மீனா வளைகாப்பை 18ஆம் மாடியில் வைக்காதீர்கள். புளோக்கின் கீழ்த்தளமே நல்லது.

சரோ அத்தை: காலையில் சாமி விளக்கு ஆடி எண்ணெய் சிந்திவிட்டது. பிள்ளைத்தாய்ச்சி நடுங்கிப்போனாள்.

குமார் பெரியப்பா: எனக்கு ஒன்றும் தெரியவில்லையே.

முத்து: புக்கிட் தீமாவில் கருங்கல்மேல் இருக்கிறீர்கள் மாமா 😀

கயல்: முத்து சொல்வது சரி. சித்தி, நிலநடுக்கம் இந்த மணிக்கு வரும் என்று உலகத்தில் யாராலும் சொல்ல முடியாது. அதை அழித்துவிடுங்கள். சுமத்ராப் பிளவு நமக்கு ஏறக்குறைய 400 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அவ்வளவு தூரம் கடந்து வருவதற்குள் வேகமான அதிர்வுகள் தேய்ந்துவிடும். மெதுவாக ஆட்டும் நீண்ட அலைகள்தான் மிஞ்சும். உயரமான கட்டடங்கள் அவற்றுக்குத்தான் அசையும். காலாங் பக்கம் கடல் களிமண், அங்கே இன்னும் கூடுதலாகத் தெரியும்.

செல்வி சித்தி: சரி

குமார் பெரியப்பா: மருத்துவம் வேண்டாம் என்று இதற்குத்தான் அடம்பிடித்தாயா?

கயல்: இதற்கேதான் பெரியப்பா. இந்த அலைகளை விட்டால் பூமியின் ஆழத்தைப் பார்க்க நமக்கு வேறு கண் ஏது? சூடான பாறையில் தயங்கும், குளிர்ந்த பாறையில் விரையும். 1909இல் மொஹொரோவிசிச் என்ற அறிவியலாளர் குரோவேஷிய நிலநடுக்கப் பதிவுகளை வைத்தே பூமியின் மேலோடு முடியும் இடத்தைக் கண்டார். கனடாவின் பழைய நிலத்துக்கு அடியில் குளிர்ந்த வேர் 200 கிலோமீட்டருக்கும் கீழே இறங்குகிறது. அதற்கும் ஆதாரம் இந்த அலைகள்தான்.

முத்து: 👏

சரோ அத்தை: வடைக்கு எத்தனை பேர்?

கயல்: இன்னொன்று. மேலோட்டுக்குக் கீழே, கவசம் என்ற பாறை அடுக்கில், ஒலிவின் என்ற கனிமம் நிறைய உண்டு. பாறை நகரும்போது அதன் படிகங்கள் ஒரே திசையில் அணிவகுக்கும். அதனுள் நுழையும் குறுக்கலை, அதாவது பாறையைப் பக்கவாட்டில் ஆட்டிச் செல்லும் அலை, இரண்டாகப் பிரியும். ஒன்று முந்தும், மற்றது ஏறத்தாழ ஒரு நொடி பிந்தும். கண்டம் எந்தப் பக்கம் இழுபட்டது என்பதை அந்த ஒரு நொடியில் படிக்கலாம். நம் பாட்டி ஊர்க் கல்லுக்கே சுமார் 250 கோடி வயது. சார்னோகைட் என்று பெயர். ஆழத்தில் கடும் வெப்பத்தில் உருவாகி மேலே வந்தது.

சரோ அத்தை: அம்மாவின் அம்மி அந்தக் கல்தானே? இப்போது யார் வீட்டில் இருக்கிறது?

செல்வி சித்தி: உங்கள் அம்மாதான் என் கையில் கொடுத்தார்கள் அண்ணி.

சரோ அத்தை: கேட்டேன், அவ்வளவுதான்.

குமார் பெரியப்பா: அம்மிப் பேச்சு இப்போது வேண்டாம்.

முத்து: வளைகாப்பு மேலேயா கீழேயா?

குமார் பெரியப்பா: கீழே என்றால் நகர மன்றத்திடம் அனுமதி கேட்க வேண்டும்.

சரோ அத்தை: மீனாவைக் கேட்டுச் சொல்கிறேன். வாழை இலையைத் தேக்காவில் வாங்கிவிடு முத்து.

முத்து: எத்தனை?

செல்வி சித்தி: கயல், 11 மணிக்கு ஒன்றும் வராது இல்லையா?