மறு: பனி நீங்கியபின் நிலம் மேலெழுவதற்கு என்ன சொல்?

நண்பர்களுக்கு வணக்கம்.

> 'மீளெழுச்சி' என்றே வைத்துக்கொள்ளலாமே. பாதிப் பேர் எழுதவும் தொடங்கிவிட்டார்கள்.

ஐயா, அதனால்தான் இப்போதே தடுக்கப் பார்க்கிறேன். 'மீள்' என்ற அடியை இயற்பியல்காரர்கள் மீட்சிப் பண்புக்கு எடுத்துக்கொண்டுவிட்டார்கள். மீளெழுச்சி என்று படிக்கிற மாணவன் ரப்பர் பந்தைத்தான் நினைப்பான். அழுத்திய கையை எடுத்ததும் பந்து பழைய வடிவுக்கு வந்துவிடும். ஸ்காண்டிநேவியாவில் நடப்பது பெரும்பாலும் அதுவல்ல. அங்கே பனியுகத்தில் ஏறத்தாழ 3 கி.மீ. தடிமன் வரை கிடந்த பனிவிரிப்பின் பாரத்தில், பூமியின் மேலோட்டுக்கு அடியிலிருந்த கவசப் பகுதி கெட்டிப் பாகு போல மெல்ல ஒதுங்கிப் போனது. பனி உருகிப் பத்தாயிரம் ஆண்டு ஆகப்போகிறது. அந்தப் பாகு இன்னும் திரும்பி வந்து சேரவில்லை. சுவீடனுக்கும் பின்லாந்துக்கும் நடுவிலுள்ள போத்னியா வளைகுடாவின் கரை இன்றும் ஆண்டுக்குச் சுமார் 8 மி.மீ. உயர்கிறது.

> அப்படியென்றால் 'நில உயர்வு'? சுவீடிய மொழியிலும் அவ்வளவுதான்.

அவர்களுக்குப் போதும். நம்மூரில் நில உயர்வு என்றால் விலையா என்று கேட்பார்கள்! அதோடு, இமயமலை உயர்வதற்கும் இதே சொல்தான் வரும். பாரம் இறங்கியதால் உயர்கிறது என்ற செய்தி அதில் இல்லை.

> 'கடல் உள்வாங்கல்'

இது வேண்டவே வேண்டாம். வெப்பமானிக்குப் பெயர் கொடுத்த அதே செல்சியஸ், 1731இல் சுவீடன் கரையோரப் பாறை ஒன்றில் கடல்மட்டத்தைக் கோடாகச் செதுக்கி வைத்தார். கோடு சரி, காரணம்தான் தவறு. கடல்நீர் வற்றுகிறது என்று நினைத்துவிட்டார். அவருடைய பிழையை நாம் கலைச்சொல்லாக்க வேண்டுமா?

என் முன்மொழிவு: நிலநிமிர்வு. தலைச்சுமையை இறக்கிவைத்தவர் சட்டென்று நிமிர்வதில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்லத்தான் நிமிர்வார். பாரம், இறக்கம், தாமதம் மூன்றும் இந்த ஒரு வினையில் இருக்கின்றன.

அப்புறம், சொல் வேறு சொற்களோடு நன்றாக ஒட்டுகிறதா என்றும் பார்க்க வேண்டும். பின்லாந்துப் பக்கம் குவார்க்கன் தீவுக்கூட்டத்தில் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரு சதுர கி.மீ. புதுநிலம் வெளியே வருகிறது. உப்பு படிந்த அந்தக் கரையில் முதலில் புல்லும் கோரையும், பிறகு சீ பக்தார்ன் என்ற முட்புதரும் ஆல்டர் மரமும் வருகின்றன. இந்த இரண்டின் வேர்முண்டுகளிலும் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தரும் நுண்ணுயிர்கள் உண்டு; வெறும் மண்ணில் பிழைப்பது அதனால்தான். பின்னால் பிர்ச், ஸ்புரூஸ் மரங்கள் வந்து நிழல் விழுந்ததும் முட்புதர் தாங்காது. அதற்குள் கரை இன்னும் கொஞ்சம் கீழே போயிருக்கும், புதரும் கடலைத் துரத்திக்கொண்டு அங்கே இறங்கிவிடும். கரையிலிருந்து உள்ளே நடந்தால் காட்டின் வயதே கூடிக்கொண்டு போகும். ஐரோப்பிய ஒன்றியம் இதைத் தனி வாழிட வகையாகவே பட்டியலிட்டிருக்கிறது. வெறும் நிலத்தில் செடி, புதர், மரம் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் குடியேறுவதைப் பாடநூல்கள் 'முதல்நிலை வழிமுறை வளர்ச்சி' என்கின்றன; அதை நம் சொல்லோடு சேர்த்தால் வாய் வலிக்கும். 'நிமிர்கரைக் காடு' என்றால் முடிந்தது.

எதிர்க்கரையில், சுவீடன் பக்கம், ஸ்கூலெ மலை இருக்கிறது. இன்றைய மட்டத்துக்கு 286 மீட்டர் மேலே பழைய கடற்கரைக் கோடு. அதற்குக் கீழே அலைகள் பனி விட்டுப்போன மண்ணையெல்லாம் கழுவிவிட்டதால் பெரும்பாலும் மொட்டைப் பாறை. அலை தொடாத உச்சியில் மட்டும் மண் தங்கிக் காடு. சுவீடியர்கள் இவ்வகை மலையைத் தொப்பி மலை என்கிறார்கள். நாம் குடுமிமலை என்று சொல்லலாமே.

---

> நிலநிமிர்வு

எனக்கும் பிடித்திருக்கிறது அக்கா. ஒரே ஒரு இடறல். பனி அழுத்தியபோது ஒதுங்கிய பாகு ஓரத்தில் புடைத்து நின்றது. அந்தப் புடைப்பு இப்போது வடிவதால் நெதர்லாந்தும் தென் இங்கிலாந்தும் மெல்லத் தாழ்கின்றன. அதையும் 'நிமிர்வு' என்ற தலைப்பிலா போடுவது?

---

போட முடியாதுதான். அதற்கு 'புடைப்புத் தணிவு' என்று வைக்கலாமா? வீக்கம் தணிந்தது என்று சொல்கிறோமே, அந்தத் தணிவு. இரண்டையும் சேர்த்துச் சொல்ல ஒரு பொதுச்சொல் வேண்டியிருக்கிறது. 'பாரச் சீராக்கம்' என்று எழுதிப் பார்த்தேன், அரசாணை மாதிரி இருக்கிறது. வேறு யாருக்காவது தோன்றினால் இதே இழையில் போடுங்கள்.