சிங்கராஜா காட்டால் மட்டக்களப்பு விவசாயிக்கு என்ன கிடைக்கிறது?

படுவான்கரை_வயல்:
இரண்டு நாளாக இங்கே ஒரு பதிவு சுற்றுகிறது. "மழைக்காடு உலகத்தின் நுரையீரல், அமேசன் மட்டும் 20 வீத ஒட்சிசனைத் தருகிறது, இலங்கையில் இனி ஒரு மரமும் வெட்டக்கூடாது" என்று. எழுதியவர் என் வயலுக்கு வந்து பார்க்கட்டும். போன பெரும்போகத்தில் கதிர் பால்பிடித்த நேரம் மூன்று யானை இறங்கி, ஒரே இரவில் ஒன்றரை ஏக்கரை மிதித்துவிட்டன. விடிந்து காவல் வாடியால் இறங்கிப் பார்த்தால் கால் பதிந்த குழியெல்லாம் சாண் ஆழத்துக்குத் தண்ணீர், அதற்குள் கதிர். நட்டஈட்டுக்கு அலைந்து களைத்துவிட்டேன். காட்டை வைத்து நான் என்ன செய்ய?

களப்பு_ரீச்சர்:
அந்தப் பதிவு என்னுடையதுதான் அண்ணன். ஒட்சிசன் கணக்குப் பிழை. காடு வெளிவிடும் ஒட்சிசனில் கிட்டத்தட்ட முழுவதையும் மரங்களின் சுவாசமும் உக்கும் சருகுமே எடுத்துவிடுகின்றன. மற்றதை விட்டுக்கொடுக்க மாட்டேன். தென்மேற்கில் உள்ள சிங்கராஜா மழைக்காட்டுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போனபோது சருகைக் கையால் விலக்கிப் பார்த்தோம். அடியில் வெள்ளை நூல்போலப் பூஞ்சணம், அதோடு பின்னிய மெல்லிய வேர்கள். அந்த மண்ணில் சத்துக் குறைவு, இருப்பதெல்லாம் மரத்திலும் சருகிலும்தான். விழுந்த இலையைப் பூஞ்சணம் உக்கவைத்து மரத்துக்கே திருப்பி ஏற்றுகிறது. வெட்டி எரித்தால் இரண்டு மூன்று போகம் விளையும், மறுகா மழை எல்லாவற்றையும் கழுவிவிடும். அங்குள்ள மரவகைகளில் பாதிக்கு மேல் இலங்கைக்கு வெளியே எங்கும் இல்லை.

படுவான்கரை_வயல்:
அதெல்லாம் அந்தப் பக்கத்துக் கதை. அங்கே ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை. நமக்கு வருவது மாரியில், வங்கக்கடலில் இருந்து. சிங்கராஜா இல்லாவிட்டாலும் அது பெய்யும். நம்மிடம் இருப்பது பாலையும் வீரையும் முதிரையும் நிற்கிற வறண்ட காடு. அதையும் மழைக்காட்டுக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அம்பாறை_வாய்க்கால்:
இரண்டும் வேறு காடு, சரி. ஆனால் நான் சம்மாந்துறைக்காரன், கல்லோயா ஆற்றுத் தண்ணீரில் விளைகிற வயல். அந்த ஆற்றை மறித்துக் கட்டிய பெரிய குளம் சேனாநாயக்க சமுத்திரம். அதன் நீரேந்து பரப்பைக் காக்கத்தான் 1954இல் அதைச் சுற்றியுள்ள காட்டைத் தேசியப் பூங்காவாக்கினார்கள். காடு மொட்டையானால் மாரி வெள்ளம் மண்ணை அள்ளிக் குளத்தில் கொட்டும். குளம் தூர்ந்தால் எனக்குச் சிறுபோகம் இல்லை. அப்புறம், யானை வருவதும் அதன் பாதையில் நாம் காட்டை வெட்டி எரித்துச் சேனைப் பயிர் செய்ததால்தான்.

படுவான்கரை_வயல்:
கடைசி வசனத்தை ஏற்கமாட்டேன் தம்பி. என்னுடையது அப்பப்பா காலத்து வயல், சேனை அல்ல. குளத்துக்கு மேலே மரம் வெட்டு என்று நான் சொல்லவுமில்லை. காடு எல்லோருக்கும் என்றால் அதன் நட்டம் மட்டும் ஏன் எனக்கு?

களப்பு_ரீச்சர்:
அந்தக் கேள்வி நியாயம். என் பதிவில் அதை எழுதாமல் விட்டது பிழை. மின்வேலி கேட்டு மனு எழுதுங்கள், நானும் கையெழுத்து வைக்கிறேன். காட்டை வெட்டக் கேட்டால் வைக்கமாட்டேன்.

படுவான்கரை_வயல்:
வேலிக்குத்தான் எழுதுவேன். விதைப்புக்கு முன்னம் வேண்டும்.