Re: ஒரு தட்டுக்கு இரண்டு எழுத்து: 'இரட்டிப்பு' வேண்டாம், 'துள்ளல்' என்போம்

அனைவருக்கும் வணக்கம்.

நம் கணினிப் பழுதுநீக்கக் கையேட்டுக்காக, கீ பௌன்ஸ் (விசையைத் தட்டும்போது அதன் தொடுமுனைகள் துள்ளுவது) என்பதற்கு 'இரட்டிப்பு' என்று குழுவில் ஐயா ஒருவர் முன்மொழிந்திருந்தார். எனக்கு இதில் உடன்பாடில்லை. இரட்டிப்பு என்பது திரையில் தெரிவது, அதற்குக் காரணம் பல. விசையிலிருந்து விரலை எடுக்கத் தாமதித்தாலும் எழுத்து இரண்டாக விழும். விண்டோஸில் ரிப்பீட் டிலேயை, அதாவது அழுத்திப் பிடித்த எழுத்து மறுபடி விழத் தொடங்கும் முன் உள்ள இடைவெளியை, கூட்டினால் அது சரியாகிவிடும். பௌன்ஸ் அப்படியல்ல. விசைக்குள் இருக்கும் உலோக முனைகள் மோதும்போது சில மில்லிசெகண்டுகள் தொட்டுத் தொட்டு விலகுகின்றன, புது விசைப்பலகையிலும் இது உண்டு, உள்ளே இருக்கும் சில்லு அது அடங்கும்வரை பொறுத்து ஒரே அழுத்தமாக எடுத்துக்கொள்கிறது. தேய்மானம், தூசு, ஆக்சிஜனேற்றம் என்று ஏதோ ஒன்றால் அந்த ஆட்டம் நீண்டுபோனால்தான் இரண்டாவது எழுத்து வருகிறது.

தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை அமைப்பில் தட்டுபவர்களுக்கு இது இன்னும் பெரிய தொல்லை. ஒரே மெய் இருமுறை வந்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழுமல்லவா, அதனால் ட விசை கெட்டுப்போனால் 'படம்' 'பட்டம்' ஆகிவிடும்! இரண்டுமே சரியான சொற்கள், பிழைதிருத்தி வாயே திறக்காது. பாவம், பழி தமிழ் மென்பொருள்மேல் விழுகிறது. நோட்பேடைத் திறந்து ஆங்கிலத்துக்கு மாற்றி, அதே விசையை நிதானமாகப் பலமுறை தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கேயும் இரட்டித்தால் விசைப்பலகையை வேறு கணினியில் செருகிப் பார்க்க வேண்டும், அங்கும் அப்படியே என்றால் கோளாறு விசையில்தான்.

சுட்டியிலும் இதே கதைதான். ஒரு சொடுக்கு இரட்டைச் சொடுக்காகிறது, இழுத்துக்கொண்டு போகும் கோப்பு பாதி வழியில் விழுந்துவிடுகிறது. அதனால் 'விசைத் துள்ளல்' என்று குறுக்காமல் 'தொடுமுனைத் துள்ளல்' என்று வைப்போம், சுருக்கமாகத் 'துள்ளல்'. சாவிப்பலகை என்று எழுதும் இலங்கை நண்பர்களுக்கும் இடைஞ்சல் இராது. 'அதிர்வு' கைப்பேசியின் வைப்ரேஷனுக்குப் போய்விட்டது, 'தாவல்' என்றால் பலர் டேப் என்று எடுத்துக்கொள்வார்கள். கலிப்பாவின் துள்ளல் ஓசையோடு குழம்பாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். யாப்பு படிப்பவர் சுவிட்சைக் கழற்றும்போது குழம்ப மாட்டார் என்று நம்புகிறேன்.

அப்புறம் டீபௌன்ஸ், அதாவது துள்ளல் அடங்கும்வரை சில்லு பொறுத்து ஒரே அழுத்தமாக எடுப்பது. 'துள்ளல் நீக்கம்' என்றால் பொருள் தவறிவிடும், ஏனென்றால் துள்ளல் எங்கும் போவதில்லை, சில்லு அதைக் கணக்கில் எடுப்பதில்லை, அவ்வளவுதான். என் பரிந்துரை 'துள்ளல் வடிப்பு'. விண்டோஸ், க்னோம் (லினக்ஸின் ஒரு திரைச்சூழல்) இரண்டிலும் அணுகல்தன்மை அமைப்புகளில் உள்ள பௌன்ஸ் கீஸ் வசதியும் இதைத்தான் செய்கிறது, கெட்ட விசையை மாற்றும்வரை சமாளிக்க அது போதும், அதற்கும் இதே பெயரை வைத்துவிடலாம். 'வடிப்பு' வேண்டாம் என்பவர்கள் மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள்.